படுகைக் கத்தரியும் கொடிக்கால் கீரையும்: தஞ்சாவூர்ப் பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு, எழும்பூர்

குடியரசு தினம் இந்தத் தடவை திங்கட்கிழமை. விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்ததும் தஞ்சாவூர் சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். கோயிலுக்குப் போகிறோம், அரண்மனைக்குப் போகிறோம் என்றெல்லாம் திட்டம் இல்லை. பெரிய கோயில் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்ததுதான். இந்த முறை சித்தி வழக்கமாகப் போகும் உழவர் சந்தைக்கு அவர்களைக் கூட்டிப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. எங்கள் அடுக்ககத்தில் காய்கறி என்பது போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் வாசலில் வந்து நிற்கும் பை. அதை விளைவித்தவர் முகத்தைப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. எட்டு வயதுப் பெண்ணும் ஐந்து வயதுப் பையனும் அதைப் பார்க்காமலே வளர்ந்துவிடக் கூடாது என்று எனக்குக் கொஞ்ச நாளாகவே மனதில் உறுத்தல்.

ரயில் பெயர் உழவன் எக்ஸ்பிரஸ். உழவர் சந்தைக்குப் போக இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்று இவர் சந்தோஷப்படுகிறார். சின்னவன் மேல் படுக்கைதான் வேண்டும் என்று அடம். சரி, தூங்கப் போகிறோம்.

சனி, தஞ்சாவூர்

விடியும் முன்பே வந்து இறங்கியாயிற்று. தை மாதப் பனி நன்றாக இருக்கிறது. காலை முழுக்கத் தூக்கம், மதியம் சித்தி கையால் சாப்பாடு, அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

சாயங்காலம் சித்தப்பாவோடு புது ஆற்றங்கரையில் நடந்தோம். கல்லணைக் கால்வாயைத்தான் இங்கே எல்லோரும் புது ஆறு என்கிறார்கள். மேட்டூர் அணை வந்த 1934ஆம் ஆண்டில் இதிலும் தண்ணீர் விட்டார்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் பாசனம் இதனால்தான். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும், ஆகவே இப்போது ஓடுவது இந்தப் பருவத்தின் கடைசித் தண்ணீர்.

நடந்துகொண்டே நான் ஒன்று கேட்டேன். சுற்றிலும் பசுமையாக இருக்கிற இந்த ஊருக்கு ஏன் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்தும் லாரியில் காய் வர வேண்டும்?

சித்தப்பா சிரித்தார். "நமக்குச் சோறு சொந்தம்மா, குழம்பு இரவல். ஆனியில வயல்ல தண்ணி ஏறுனா தை வரைக்கும் நிக்கும். களிமண்ணு. நெல்லுக்கு அது சொகம். கத்தரியும் வெண்டையும் ஒரு வாரம் நின்னா வேர் அழுகிப் போயிடும்."

அப்படியென்றால் உள்ளூர்க் காய் எங்கே விளைகிறது? ஆற்றுக்கும் கரைக்கும் இடையில் வண்டல் படிந்து கிடக்கும் படுகையில். வீட்டுக் கொல்லையில். வெற்றிலைக் கொடிக்காலில். அப்புறம் தஞ்சாவூருக்குத் தெற்கே வல்லம், மருங்குளம், திருக்கானூர்பட்டி பக்கம் இருக்கிற செம்மண் மேட்டு நிலத்தில், ஆழ்குழாய்த் தண்ணீரில். ஆக, நெல்லுக்கு ஒதுங்கி நிற்கிற ஓரத்து மண்ணில் மட்டும்தான். எல்லாம் துண்டுத் துண்டு நிலம். ஒரு லாரி நிரப்பும் அளவுக்கு யாரிடமும் சரக்கு இருக்காது. இரண்டு கூடை, மூன்று மூட்டை, அவ்வளவுதான். அந்த இரண்டு கூடையைக் கொண்டுபோய் மொத்த வியாபாரியிடம் நின்றால் அவர் சொன்னதுதான் விலை, அதிலும் கமிஷன் போகும். உழவர் சந்தை இவர்களுக்காகத்தான் என்றார் சித்தப்பா. கரையில் நடந்தபோது கேட்ட இந்த விஷயம் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. காலையில் சந்தையில் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும்.

ஞாயிறு, நாஞ்சிக்கோட்டை சாலை

ஐந்து மணிக்கே சித்தி எழுப்பிவிட்டார். பல் துலக்கி, காபி குடித்து, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மாட்டி, ஆளுக்கொரு கட்டைப் பையைக் கையில் கொடுத்துக் கிளப்பினார். சின்னவனுக்கு ஒரு குட்டி மஞ்சப்பை. அதைக் கடைசிவரை யாரிடமும் கொடுக்கவில்லை.

நாங்கள் போனபோது இன்னும் இருட்டு விலகவில்லை. வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மொபெட்டில், ஆட்டோவில், டவுன் பஸ்ஸில் என்று வந்துகொண்டே இருந்தார்கள். சந்தைக்குக் கொண்டுவரும் காய்கறி மூட்டைக்குப் பஸ்ஸில் சுமைக்கட்டணம் கிடையாது. இந்த ஏற்பாடு திட்டத்தோடு வந்தது. உழவர் சந்தை முதலில் தொடங்கியது மதுரை அண்ணா நகரில், 1999 நவம்பர் 14 அன்று, கருணாநிதி முதல்வராக இருந்தபோது. அதே வருடம் ஆந்திராவில் ரைத்து பஜார் ஆரம்பித்திருந்தார்கள். அதைப் பார்த்து இங்கே வந்தது. இடையில் சில வருடம் கவனிப்பில்லாமல் கிடந்து, 2006க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. இவ்வளவு ஆட்சி மாற்றத்துக்கும் தாக்குப் பிடித்து ஒரு சந்தை நிற்கிறது என்றால் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அது உண்மையிலேயே தேவைப்படுகிறது என்றுதான் அர்த்தம்.

உள்ளே நுழைந்ததும் விலைப் பலகை. சித்தி எங்களை அங்கேயே நிறுத்தினார். பெரியவளை வாசிக்கச் சொன்னார். கத்தரி, வெண்டை, அவரை, புடலை, பீர்க்கை, பரங்கி, கருணை என்று அவள் கூட்டி கூட்டி வாசித்து முடிக்கும் வரை பின்னால் வந்தவர்கள் பொறுமையாக நின்றார்கள். அந்த விலையைச் சந்தை அலுவலர்கள் தினமும் காலையில் எழுதுகிறார்கள். மொத்த மார்க்கெட் விலையும் வெளியே கடை விலையும் விசாரித்து, மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, கடை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைய என்று நடுவில் ஒரு விலை. விளைவித்தவருக்கும் லாபம், நமக்கும் லாபம், நடுவில் யாரும் இல்லை.

"அதனால இங்க பேரம் கெடையாது" என்று சித்தி பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னார். கீழவாசலில் கைக்குட்டை வாங்கினாலும் ஐந்து ரூபாய் குறைக்காமல் நகராத சித்தி அவர். இங்கே வாய் திறப்பதில்லை.

முதல் சுற்று எதுவும் வாங்காமல் நடக்க வேண்டும். இது சித்தியின் சட்டம். எது நிறைய வந்திருக்கிறது, எது புதிது என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் சமையலைத் தீர்மானிப்பது. என்ன சமைப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்து பட்டியலோடு வருகிறவர்களுக்கு நல்ல காய் கிடைக்காது என்பது அவர் கட்சி. நான் இப்போது அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

இன்றைக்கு மொச்சை நிறைய வந்திருந்தது. பொங்கல் முடிந்தும் வரத்து குறையவில்லை. அவரையும் அப்படியே. பரங்கிக்காய்களைக் கீற்றுப் போட்டு வைத்திருந்தார்கள், உள்சதை நல்ல ஆரஞ்சு நிறம். ஒரு மூலையில் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் என்று மலைக்காய்கள். சித்தி தலைமுறைக்கு இன்னமும் அது இங்கிலீஷ் காய்தான். அந்தப் பக்கம் நாங்கள் போகவே இல்லை. அது எங்கேயும் கிடைக்கும்.

மருங்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பியிடம் வெண்டையும் கொத்தவரையும். சட்டைப்பையில் அடையாள அட்டை, போட்டோவோடு. நிலமும் சாகுபடியும் பார்த்து உறுதி செய்துதான் அந்த அட்டை தருகிறார்கள், அது இருந்தால்தான் உள்ளே கடை போட முடியும். பெரியவள் வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கப் போனாள். எனக்குத் திக்கென்றது. அந்தத் தம்பியோ, "ஒடிச்சுப் பாரு பாப்பா, சத்தம் வந்தா எளசு" என்றார். டக்கென்று சத்தம் வந்தது. முற்றல் என்று ஒன்றுகூட இல்லை. பதினெட்டு மணி நேரம் முன்பு அது செடியில் இருந்திருக்கும். எலக்ட்ரானிக் தராசில் தட்டை வைத்து, பூஜ்யம் காட்டச் செய்து, அப்புறம் காயை வைத்தார். இந்தத் தராசும் சந்தை அலுவலகத்தில் காலையில் வாடகை இல்லாமல் வாங்கிக்கொள்வதுதான், மதியம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அப்புறம் கத்தரிக்காய். சித்தி நேராகப் போய் நின்றது ஒரு அக்காவிடம். வெட்டாற்றுப் படுகையில் கால் ஏக்கர் கத்தரி. பல வருடப் பழக்கம் போல, "என்னக்கா, ரெண்டு வாரமா ஆளக் காணும்?" என்று ஆரம்பித்தார். சித்தி எங்களைக் காட்டி, "மெட்ராஸ்லேருந்து புள்ளைங்க வந்துருக்கு" என்றார். உடனே அந்த அக்கா சின்னவனைப் பக்கத்தில் சாக்கில் உட்கார வைத்துக்கொண்டு கத்தரிக்காய் பொறுக்கக் கற்றுக்கொடுத்தார். காம்பைச் சுற்றியுள்ள பச்சைத் தொப்பியில் இருக்கும் முள் விரலில் குத்த வேண்டும். குத்தினால் இன்று பறித்தது. ஒரு நாள் ஆனால் அந்த முள் துவண்டுவிடும், காயின் மினுமினுப்பு மட்டும் இருந்து நம்மை ஏமாற்றும். அடுத்து, ஒரே அளவில் இரண்டு காய் இருந்தால் கையில் லேசாக இருப்பதை எடு, கனமாக இருந்தால் விதை பிடித்திருக்கும். சின்னவன் ஒவ்வொரு காயாக எடுத்து முள்ளைத் தொட்டு, "குத்துது, குத்துது" என்று கத்திக்கொண்டே தட்டில் போட்டான். ஒரு கிலோ சரியாக வந்தபின் மேலே இரண்டு காயை அந்த அக்காவாகவே எடுத்து வைத்தார்.

அவரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். காலையில் நன்றாகத்தான் போகிறது, பத்து மணிக்கு மேல் ஆள் வருவதில்லை, மிச்சமானால் திரும்பத் தூக்கிப் போக வேண்டும் என்றார். சந்தைக்கு வெளியே தள்ளுவண்டியில் மொத்த மார்க்கெட் சரக்கை இதைவிட ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் குறைத்து விற்கிறார்கள், வாசலிலேயே வாங்கிக்கொண்டு நிறைய பேர் திரும்பிவிடுகிறார்கள். தள்ளுவண்டிக்காரர்களும் பிழைப்புக்குத்தான் நிற்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் பத்தடி உள்ளே நடக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். வண்டிச் சரக்கு நாளைக்கு வேறு ஊரிலிருந்து வரும். கால் ஏக்கர் படுகைக்காரர் நாலு முறை மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போனால் ஐந்தாம் முறை கத்தரி போட மாட்டார். அந்தக் காய் பிறகு இந்த ஊரிலேயே இருக்காது.

கடைசியாக வாழையும் கீரையும். திருவையாறு தாண்டி ஆச்சனூர் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி. அவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். வெற்றிலைக் கொடி பற்றி ஏற அகத்தியைத்தான் நடுவார்கள். அது வளர வளர நிழல் அதிகமாகிவிடும் என்று கிளையைக் கழிக்க வேண்டும், கழித்ததில் வருவதுதான் இந்த அகத்திக்கீரை. வெற்றிலை வேறு வியாபாரத்துக்குப் போக, கீரையும் கொல்லை வாழையும் இங்கே. மொந்தன் காய், பூவன் தார், தண்டு, பூ, நுனி இலைக் கட்டு எல்லாம் ஒரே கடையில் பரப்பியிருந்தது. வாழையில் வீணாகப் போவது எதுவும் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

பெரியவள் வாழைப்பூவைப் பார்த்து இது என்ன என்று கேட்டதும், அந்த அம்மா கூட்டம் குறைந்திருந்த நேரமாகப் பார்த்து ஒன்றைப் பிரித்துக் காட்டினார். மெரூன் நிற மடலைத் தூக்கினால் சீப்புப் போல வரிசையாகப் பூக்கள். ஒரு பூவைக் கையில் எடுத்து நுனியைத் தேய்த்து விரித்தார். நடுவில் தீக்குச்சி மாதிரி தலையோடு விறைப்பாக ஒரு நரம்பு. "இவன்தான் கள்ளன். இவன எடுக்கலன்னா வேகவே மாட்டான்." அடியில் கண்ணாடித் தாள் போல ஒரு சின்னச் செதில், அதையும் கிள்ளிப் போட்டார். கையில் கறை பிடிக்காமல் இருக்க முதலில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், நறுக்கியதை மோரில் போட்டால் கறுக்காது. உள்ளே போகப் போக மடல் வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளைக் குருத்து. அதை அப்படியே தின்னலாம் என்று இருவருக்கும் பாதி பாதி கொடுத்தார். சின்னவன் முகம் கோணினான். பெரியவள் இன்னொன்று கேட்டாள்.

சித்தி கறிவேப்பிலையும் மல்லியும் கொசுறாகக் கேட்டு வாங்கினார். பேரம் இல்லை, ஆனால் கொசுறு உண்டு, அது உரிமை.

கிளம்பும்போது அந்த அண்ணன், "நாளைக்கு லீவுதானே, புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுக் கொடிக்காலுக்கு வாங்க" என்றார். சித்தி எதுவும் யோசிக்காமல் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்.

மதியம் மொச்சையும் கத்தரியும் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, வாழைப்பூ வடை, அகத்திக்கீரைப் பொரியல். முற்றத்தில் உட்கார்ந்து பூவுக்குக் கள்ளன் எடுத்தது பெரியவளும் இவரும். வீட்டில் கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிற சின்னவன் இன்று, "இது நான் பொறுக்குனது" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான்.

திங்கள், திருவையாறு

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் ஆறுகளை எண்ணச் சொன்னோம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. வெட்டாற்றுப் பாலத்தில் சின்னவன் எட்டிப் பார்த்து, "கத்தரிக்கா அக்கா வீடு எங்க?" என்று கேட்டான்.

பாதி வயல் அறுவடை முடிந்து, பாதி சாய்ந்து நிற்கிறது. கொள்முதல் நிலையங்கள் முன்னால் நெல் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஒரு இடத்தில் இன்னும் அறுக்காத வயலுக்குள் ஒருவர் எதையோ விசிறிக்கொண்டு போனார். உளுந்து. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே நெல்லுக்குள் விதைத்துவிடுவார்களாம். நெல் அறுத்ததும் அடியில் உளுந்து முளைத்து நிற்கும். தனியாக உழவு கிடையாது, பெரிதாகத் தண்ணீர் கிடையாது, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும் போதும். பாசிப்பயறும் இப்படித்தான். இவ்வளவு சிக்கனமான ஒரு விவசாயத்தை நான் கண்ணால் பார்த்தது இதுதான் முதல்.

கொடிக்காலுக்குள் நுழைந்ததும் குளிர்ந்துவிட்டது. அகத்தி வரிசைகளுக்கு நடுவே வாய்க்கால், இரண்டு பக்கமும் கொடி. நடப்பதற்குக் குனிய வேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் அந்த அண்ணன், நாங்களும் அப்படியே போனோம். வெற்றிலையைக் காம்போடு கிள்ளும் விதத்தைக் காட்டினார். கொழுந்து வெற்றிலை சித்திக்கு ஒரு கவுளி. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டபோது சந்தோஷம்தான் என்றார், வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு என்றும் சொன்னார். கொடி கட்டத் தெரிந்தவர்கள் வயதானவர்கள், இளையவர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை.

திரும்பும்போது திருவையாற்றில் அசோகா. பாசிப்பருப்பில் செய்கிற இனிப்பு, நெய் கையில் வழியும். பயறு விதைக்கும் ஊரில் நின்று சாப்பிடுகிறோம் என்று பெரியவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.

இரவு ரயிலுக்கு மூட்டை கட்டியாயிற்று. கத்தரி, மொந்தன் காய், உரிக்காத மொச்சை, வாழைப்பூ, ஈரத்துணியில் சுற்றிய இலைக்கட்டு. இதெல்லாம் ஒரு ராத்திரி தாங்கும். நீங்கள் போவதாக இருந்தால் ஆறு மணிக்குள் போய்விடுங்கள், சில்லறை எடுத்துப் போங்கள், ஒரு சுற்று நடந்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். கீரையை மட்டும் சித்தி கொடுக்க மறுத்துவிட்டார். ரயிலில் வாடிப் போகும், அதை உன் ஊரிலேயே விளைவிக்கிறவரைத் தேடிப் பிடித்து வாங்கு என்றார். புறநகர்ப் பக்கம் ஏரிக்கரையில் கீரை போடுகிறவர்களைப் பார்த்திருப்பதாக இவர் சொல்கிறார். வருகிற ஞாயிறு விடியற்காலை அங்கே போகிறோம். மஞ்சப்பையை யார் எடுத்து வருவது என்று இப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.